மூட்டைச் சுவர்

போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் பொன்னுராஜைப் பற்றி எவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: அவர் காய்க்குச் சாயம் போடாதவர். ஏலக்காய் வெளுத்துப்போனால் மவுசு குறையும். அப்படிப்பட்ட காயைப் பச்சைச் சாயத்தில் முக்கியெடுத்துப் புதுக்காய் என்று தள்ளிவிடுகிற கெட்டிக்காரர்கள் எந்த ஊரிலும் உண்டு. பொன்னுராஜ் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வெளுத்த காயை வெளுத்த காய் என்று சொல்லியே விற்பார். வாங்குகிறவர் முகம் சுளித்தால், "அதுக்கு வயசாயிருச்சு, நான் என்ன செய்யட்டும்? எனக்கும்தான் ஆயிருச்சு" என்று தம் வழுக்கையைத் தடவிக் காட்டுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தம் மகள் விஷயத்தில் மட்டும் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதைக் கட்டிக்காக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

மகளின் பெயர் ஷீபா. பகலில் தகப்பனாரின் ஏலக்காயைச் சிறு சிறு பொட்டலங்களாக இணையம் வழியே ஊர் ஊராக அனுப்புவாள். மாலையானால் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தகப்பனார் காய் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்குப் போய்விடுவாள். அங்கே அவளுடைய இசைக்குழு கூடும். குழுவில் மூன்றே பேர். கிடார் வாசித்துப் பாடுபவள் ஷீபா. பேஸ் கிடார் வாசிப்பவன் லிங்கேஸ்வரன். உத்தமபாளையம் நீதிமன்றத்தில் இளம் வக்கீல். வழக்கு முடிந்த கையோடு பேருந்து ஏறி, கழுத்துப்பட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்பான். மேளம் அடிப்பவன் பாண்டீஸ்வரன். கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டக்காரன். பழத்தைக் கொத்த வரும் பறவைகளை விரட்டத் தகர டின்களை அடித்தடித்து, தோட்டத்திலேயே கை பழகியவன். எந்த மைனாவும் அவனிடம் தாளத்தில் குற்றம் கண்டதில்லை.

அவர்கள் வாசித்தது பங்க் ராக். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மேல்நாட்டில் பிறந்த இசை. கிடாரில் மூன்று பிடிகள் தெரிந்தால் போதும், வித்துவான் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதைச் சத்தமாக, விரைவாக, எவருக்கும் அஞ்சாமல் சொல்லி, கேட்பவர் காதைப் பொத்திக்கொள்வதற்குள் முடித்துவிட வேண்டும். ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கையில், எந்தத் தரத்திலும் சேராத பிளந்த காயையும் சொத்தைக் காயையும் தனியே ஒதுக்குவார்கள் அல்லவா? 'ஒதுக்குக்காய்' என்பதே குழுவின் பெயர். ஷீபா எழுதிய பாட்டுகளில் மனிதர் பெயரே வராது. மேகமலைச் சாலையில் சாவடி போட்டு ஜீப்புகளை மறித்து வரி வாங்கும் கருமந்தி, திராட்சைத் தோட்டத்தில் மேடைபோட்டுத் தனக்குத்தானே பொன்னாடை போர்த்திக்கொள்ளும் மைனா என்று எல்லாம் காட்டு ஜீவன்களின் கதைகள். ஆனால் கேட்பவருக்கு யாரைச் சொல்கிறாள் என்பது பளிச்சென்று விளங்கும்.

பொய் பிறந்தது கிறிஸ்தவச் சபையின் வாசலில். பொன்னுராஜ் சபைக்குப் பொருளாளர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரை, பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் எப்சிபா மறித்துக்கொண்டார்.

"அண்ணே, சாயங்காலமானா உங்க கிட்டங்கியிலருந்து ஒரே சத்தமா வருதே. புதுசா மிஷின் எதுவும் இறக்கியிருக்கீகளா?"

"மிஷின் இல்லம்மா. ஷீபா ஒரு ஆல்பம் பண்ணுது. பாட்டு."

"அப்படியா! என்ன பாட்டு?"

சுற்றிலும் நாலைந்து பேர் நின்றார்கள். கருமந்தியை எங்கிருந்து தொடங்கி எப்படி விளக்குவது? பொன்னுராஜின் நாக்கு அவரைக் கேளாமலே, "கீர்த்தனைதான்" என்றது.

"கீர்த்தனையா? கொஞ்சம் வேகமா வருதே, அண்ணே?"

"இந்தக் காலத்துப் பிள்ளைக..."

அத்தோடு போயிருந்தால் குற்றமில்லை. எப்சிபா மகிழ்ந்துபோய், ஷீபாவின் கீர்த்தனை ஆல்பம் நல்லபடி முடிய வேண்டும் என்று வாராவாரம் ஐக்கியத்தில் ஜெபம் ஏறெடுக்கத் தொடங்கிவிட்டார். ஜெபக் குறிப்பைச் சபை நடுவே உரக்கச் சொல்லும்போதெல்லாம் பொன்னுராஜ் காணிக்கைப் பையின் தையலைக் கவனமாக ஆராய்வார். பக்கத்து வரிசையிலிருந்து மனைவி கிருபாவதி அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏங்க, வெளுத்த காய்க்குச் சாயம் போட மாட்டேன்னு ஊரெல்லாம் பேரு. பெத்த பிள்ளைக்குப் போட்டுட்டீகளே" என்றார் ஒருநாள்.

"சும்மா இரு கிருபா. ஆல்பம் வந்தா மறந்துருவாக."

"ஆல்பம் வந்தா கேப்பாகல்ல?"

பொன்னுராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

கோடை வந்தது. கொச்சியில் இப்படிப்பட்ட குழுக்களின் ஆல்பங்களை வெளியிடும் சிறிய நிறுவனம் ஒன்று, பத்துப் பாட்டுகளைக் கொண்டுவந்தால் மழைக்காலத் தொடக்கத்தில் வெளியிடுவதாக ஷீபாவுக்கு வாக்களித்தது. பதிவு செய்துதர மலைக்கு அந்தப் பக்கம் கட்டப்பனையிலிருந்து அஜய்குமார் என்ற ஒலிப்பதிவாளர், வாடகைக் கருவிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியே இறங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் திரும்பியாக வேண்டும். மறுநாள் அதே கருவிகளுக்குக் கோட்டயத்தில் வேறு வேலை காத்திருந்தது.

அஜய்குமார் கிட்டங்கிக்குள் நுழைந்ததும் மூக்கை உறிஞ்சினான், சுற்றிப் பார்த்தான், ஒருமுறை கை தட்டினான். முகம் மலர்ந்துவிட்டது. நான்கு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்தன. சத்தம் போய் மூட்டையில் மோதியதும் அப்படியே அடங்கியது.

"சாரே, ஸ்டுடியோக்காரங்க இதுக்காக எவ்வளவோ செலவு பண்றாங்க. நீங்க சும்மா அடுக்கி வச்சிருக்கீங்க" என்றான்.

அவன் சொன்னதைப் பொன்னுராஜ் கேட்கத்தான் செய்தார். ஆனால் வணிகருக்கு மூட்டை என்றால் விற்க வேண்டிய பொருள். ஆகவே, ஏதோ மலையாளத்துப் பிள்ளை மரியாதைக்காகப் புகழ்கிறான் என்று நினைத்து, அவனுக்குக் கைநிறைய நல்ல காயாக அள்ளிக் கொடுத்தார். ஞாயிறு வரை கிட்டங்கி உங்களுக்குத்தான் என்று மகளுக்கும் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாரத்தில் ஏழு பாட்டுகள் பதிவாயின. மூன்றுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை பகலில் குழு ஓய்வெடுத்துக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து ஏலத்தில் விலை ஏறியது. காத்திருந்த விலை. வடநாட்டு வணிகர் ஒருவர் மொத்தத்தையும் கேட்டார். லாரி வந்தது, மூட்டைகள் ஏறின, போயிற்று. பொன்னுராஜுக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி: காய் விற்றது ஒன்று, பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது மற்றொன்று. இண்டு இடுக்கில் குதித்துக்கொண்டிருந்தார்களே, இனி விசாலமாகக் குதிக்கலாம்! ஆள்விட்டு ஒட்டடை அடித்தார். தரையைக் கழுவிவிட்டார். சுவரைத் துணியால் துடைக்கச் சொன்னார். வீட்டிலிருந்து பிளாஸ்டிக் ரோஜாப்பூச் சாடி ஒன்றைத் தாமே எடுத்துவந்து நடுவில் ஒரு முக்காலிமேல் வைத்துவிட்டு வாசலில் நின்றார்.

ஒரு கரடி வௌவாலை விருந்துக்கு அழைத்ததாம். விருந்தாளிக்கு வசதியாக இருக்கட்டும் என்று குகையின் கூரையைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கி வைத்ததாம். வந்த வௌவாலுக்குத் தொங்க ஓரிடமும் இல்லை. அன்று மாலை நம் பொன்னுராஜ் அந்தக் கரடியைப்போலவே பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"வாம்மா, வா! பாத்தியா? இப்பத்தான் இடம் இடமா இருக்கு. ஏலே பாண்டி, உன் மேளத்தையெல்லாம் இங்கன தாராளமாப் பரப்பிக்கோ!"

ஷீபா வாசற்படியிலேயே நின்றாள். பிறகு மெல்ல ஒருமுறை கை தட்டினாள். அந்தத் தட்டல் எதிர்ச்சுவருக்குப் போனது, திரும்பி வந்தது, கூரையைத் தொட்டது, மூலையில் புகுந்து வெளிப்பட்டது, கடைசியில் ரோஜாப்பூச் சாடியைக் கிணுகிணுக்க வைத்துவிட்டு ஓய்ந்தது.

"ஆத்தாடி! தண்ணித் தொட்டிக்குள்ள இறங்குன மாதிரியில்ல இருக்கு" என்றான் பாண்டீஸ்வரன்.

"சாரே, மூட்டை எவிடே?" என்று கேட்டான் அஜய்குமார். அதிர்ச்சியில் அவனுக்குத் தமிழ் மறந்துவிட்டது.

"வித்தாச்சு தம்பி! நல்ல விலை!"

லிங்கேஸ்வரன் கழுத்துப்பட்டையைக் கழற்றிக்கொண்டே, "வாதிக்கு உதவுறேன்னு சாட்சியை லாரியில ஏத்தி அனுப்பிட்டாக" என்றான்.

பொன்னுராஜ் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் மகிழவில்லை. ஷீபா அருகில் வந்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "அப்பா, நீங்க காயை மட்டும் விக்கல. எங்க சுவரையும் சேத்து வித்துட்டீக. மூட்டைதான் சத்தத்தைக் குடிச்சுச்சு. இப்ப இங்க பாடினா, முன்னாடி எடுத்த ஏழும் ஒரு ஊரு, பின்னாடி எடுக்கிற மூணும் வேற ஊரு மாதிரி கேக்கும்."

"அப்படீன்னா... அந்த ஏழு பாட்டுலயும் நம்ம மூட்டை இருக்கா?"

"இருக்குப்பா. நல்லாவே இருக்கு."

தம்முடைய காய் ஒரு பாட்டுக்குள் இருக்கிறது என்ற பெருமையும், அதைத் தாமே கெடுத்துவிட்டோம் என்ற வருத்தமும் ஒன்றாக வந்து மோத, பொன்னுராஜ் ரோஜாப்பூச் சாடியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மகள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். பாட்டில் அத்தனை கத்துகிறவள் இங்கே ஒரு சொல் உரக்கப் பேசவில்லை. கிடாரை உறையிலிருந்து எடுக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மூட்டை தேடிப் புறப்பட்டார். முதலில் எதிர்வரிசையில் இருந்த கர்ணனிடம் போனார். கர்ணனும் ஏலக்காய் வியாபாரி. தொழிலில் போட்டி, தேநீரில் கூட்டு.

"விலை ஏறுனப்புறம் மூட்டை இருக்குமா அண்ணாச்சி? எங்க கிட்டங்கியில இப்ப எலிகூட இல்ல. தீனியில்லாம அதுவும் கோவிச்சிக்கிட்டுப் போயிருச்சு" என்றான் கர்ணன். "ஆமா, வித்த மறுநாளே எதுக்கு மூட்டை தேடுறீக?"

"பாட்டுக்கு."

"கீர்த்தனைக்கா?"

பொன்னுராஜ் இருமினார். இருமல் ஆமென்றும் இல்லையென்றும் சொல்லவில்லை.

ஊர் முழுக்க அதே கதைதான். அத்தனை பேரும் விற்றுவிட்டிருந்தார்கள். கடைசியில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை ஒன்று கண்ணில் பட்டது. மூட்டைக்குப் பதில் மெத்தை! கடையிலிருந்த மெத்தைகளையெல்லாம் இரவலாகத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து சுவரில் சாத்தினார். குழு வாசிக்கத் தொடங்கியது. இரண்டு வரிகளுக்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது: பாட்டு தூங்கிவிட்டது. சத்தம் வாயை விட்டு வெளியே வந்ததும் மெத்தையில் சாய்ந்து படுத்துக்கொண்டது. போதாக்குறைக்கு, பாண்டீஸ்வரன் ஓங்கி ஓர் அடி அடித்ததில் தையல்வழியே பஞ்சு கிளம்பி வெண்பனியாகப் பறந்தது. ஷீபா பாட்டின் நடுவே தும்மினாள். லிங்கேஸ்வரனும் தும்மினான். வக்கீல் அல்லவா, இரண்டு முறை மேல்முறையீடும் செய்தான்.

"மூட்டை சத்தத்தைக் குடிக்கும். இது சத்தத்தைக் கொல்லுது" என்று அஜய்குமார் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினான். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னான்: "எங்க ஊர்ப் பள்ளியில, அதாவது சர்ச்சுல, ஆளில்லாதப்ப மைக் வச்சா இப்படித்தான் கூவும். பெருநாளைக்கு ஆள் நெறஞ்சா, சத்தம் சுந்தரமா உக்காந்துக்கும். யோசிச்சா மனுஷனும் ஒரு மூட்டைதானே, சாரே."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆளுக்கு எங்க போறது?" என்றான் பாண்டீஸ்வரன். "வீரபாண்டித் திருவிழா நடக்குது. எங்க சொந்தமெல்லாம் அங்கனதான் கிடக்காக. இங்க காய் பொறுக்குற அக்காமாரும் தீச்சட்டி பாக்கப் போயிட்டாக."

"கோர்ட்டும் நேத்தோட கோடை லீவு விட்டாச்சு. வாய்தாவுக்கு வர்ற கூட்டம்கூடக் கிடையாது" என்றான் லிங்கேஸ்வரன்.

காபி கொண்டுவந்த கிருபாவதி தட்டை முக்காலிமேல் வைத்துவிட்டு, "நாளைக்கு மத்தியானம் ஒரு கூட்டம் மொத்தமா வெளிய வரும்" என்றார். கணவரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பொன்னுராஜ் எடுத்த காபித் தம்ளரை மறுபடி தட்டில் வைத்தார். "சபைக்காரவுகளையா? அவுக... அவுக கீர்த்தனைன்னுல்ல நினைச்சிட்டிருக்காக?"

"தெரியும்பா" என்றாள் ஷீபா. "எப்சிபா அத்தை என் கையைப் புடிச்சிக்கிட்டு, என்ன ராகம்மான்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"அப்பாவைக் கேளுங்கன்னுட்டேன்." அவள் கிடாரை மெத்தைமேல் சாய்த்துவிட்டுச் சொன்னாள்: "கூப்பிடுறதுன்னா கூப்பிடுங்கப்பா. ஆனா என்ன பாட்டுன்னு சொல்லிக் கூப்பிடுங்க. சொல்லாமக் கூப்பிட்டா நான் பாட மாட்டேன். ஏழு பாட்டோட முடிச்சிக்கிறேன்."

ஏழு பாட்டை அந்த நிறுவனம் ஏற்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் ஆராதனையில் அறிவிப்பு நேரம் வந்தது. அறிவிப்புகளைச் சொல்வது பொருளாளரின் வேலை. பொன்னுராஜ் எழுந்து, ஓய்வுநாள் பள்ளித் தேர்வைச் சொன்னார். கல்லறைத் தோட்டத்துச் சுவர் பழுதைச் சொன்னார். பிறகு உட்காரவில்லை. போதகர் அடுத்த பாடலுக்காகப் புத்தகத்தைத் திறந்தவர், மூடிவிட்டு அவரைப் பார்த்தார்.

"இன்னொன்னு. எங்க வீட்டு ஷீபா ஆல்பத்துக்காக எல்லாரும் ஜெபிக்கிறீக. அது கீர்த்தனை இல்ல." அறிவிப்புத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தொடர்ந்தார். "அதுக்குப் பேரு பங்க் ராக். சத்தமா இருக்கும். சாமி பாட்டு இல்ல, குரங்கு, மைனா பாட்டு. பிள்ளை பாடுறதைச் சொல்ல நான்தான் கூச்சப்பட்டேன். பிள்ளை பேர்ல ஒரு தப்பும் இல்ல. இப்ப அதுக்கு ஆள் வேணும். ஆராதனை முடிஞ்சதும் எங்க கிட்டங்கிக்கு வந்து, சத்தம் போடாம உக்காந்திருக்கணும். ஃபேன் கிடையாது. வெக்கையா இருக்கும். வர இஷ்டமில்லாதவுகளை நான் தப்பா நினைக்க மாட்டேன்."

விற்பனையில் இப்படிப் பேசினால் ஒரு காய்கூட விற்காது என்று அவருக்கே தெரிந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடங்கினார்கள். எப்சிபா எழுந்து நின்றார்.

"அப்ப நாங்க இத்தனை வாரமா எதுக்கண்ணே ஜெபிச்சோம்?"

"ஆல்பத்துக்குத்தாம்மா."

"அது சரி" என்று சொல்லிவிட்டு எப்சிபா உட்கார்ந்துவிட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று பொன்னுராஜுக்கு விளங்கவில்லை.

கிட்டங்கி வாசலில் அவர் வெயிலில் நின்றார். தெருமுனையில் ஒருவரும் தென்படவில்லை. நேரம் போகப்போக, அறிவிப்பைக் கொஞ்சம் இனிப்பாகச் சொல்லியிருக்கலாமோ என்று மனம் அலைந்தது. அப்போது ஒரு குடை திரும்பியது. குடைக்குக் கீழே எப்சிபா. பின்னால் பட்டுச்சேலைகளும் வெள்ளை வேட்டிகளுமாகப் பெண்கள் ஐக்கியம், வாலிபர் சங்கம், பாடகர் குழு என்று பாதிச் சபை நடந்து வந்தது.

"ஜெபிச்சது வீணாப்போகக் கூடாதுல்ல? முடியிற வரைக்கும் எங்க பொறுப்பு" என்றார் எப்சிபா. "எங்கன உக்காரணும்?"

அஜய்குமார் அவர்களை மூட்டை அடுக்கியதைப்போலவே அடுக்கினான். பருத்த உடம்புக்காரர்களை மூலைகளில் வைத்தான். அவர்கள் காரணம் கேட்டபோது, "முக்கியமான இடம்" என்றான், பெருமையோடு உட்கார்ந்துகொண்டார்கள். ஷீபா கை தட்டினாள். தட்டல் போனது, திரும்பி வரவில்லை. பாண்டீஸ்வரன் மேளத்தையே கட்டிப்பிடித்துவிட்டான்.

கருமந்திப் பாட்டு தொடங்கியதும் முன்வரிசையில் பலர் காதைப் பொத்தினார்கள். ஆனால் மந்தி சாவடியில் அமர்ந்து, வந்த ஜீப்பிடம் வாழைப்பழத்துக்கு ரசீது கேட்கும் இடத்தில் கைகள் மெல்ல இறங்கின. பாட்டு முடிந்தது. கடைசி நாதம் காற்றில் தேய்ந்துகொண்டிருந்தபோது, மொத்தச் சபையும் ஒரே குரலில், "ஆமென்" என்றது.

அஜய்குமார் தலையில் கைவைத்தான்.

"பழக்கதோஷம் தம்பி" என்றார் ஒரு முதியவர். "பாட்டு முடிஞ்சா வாய் தானா வந்துருது."

மீண்டும் எடுத்தார்கள். இம்முறை ஒருவர் மட்டும் சொன்னார். அவர் போதகர். மூன்றாம் முறைக்கு எப்சிபா எல்லோரையும் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பாட்டு தப்பியது. மைனாப் பாட்டும் அப்படியே கரையேறியது.

கடைசிப் பாட்டுக்கு முன் ஷீபா கிடாரோடு தகப்பனாரிடம் வந்தாள். அவர் ஒரு மூலையில், முகமெல்லாம் வியர்வை வழிய, கால் மடக்கி உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, இந்தப் பாட்டை நீங்க கேட்டதில்ல. முன்னாடியே எழுதிட்டேன். உங்களைப் பத்திதான். வேணும்னா வெளிய போய்க் காத்தாட நில்லுங்க."

பொன்னுராஜ் சுற்றிலும் பார்த்தார். எல்லாக் கண்களும் அவர்மேல் இருந்தன. அஜய்குமாரைக் கேட்டார்: "நான் எந்திரிச்சுப் போனா சத்தம் கெடுமா தம்பி?"

"ஒரு மூட்டை குறையும் சாரே. நல்ல மூட்டை."

"அப்ப உக்காந்திருக்கேன்" என்று அவர் சட்டைப் பித்தானை ஒன்று தளர்த்திக்கொண்டார். "நீ பாடு தாயி."

பாண்டீஸ்வரன் குச்சிகளைத் தட்டிக் கணக்குக் கொடுத்தான். பாட்டு பாய்ந்தது:

*காக்கா ஒண்ணு வளத்தாரு கடைத்தெரு வியாபாரி*
*கிளியின்னு சொன்னாரு கேட்டவுககிட்டெல்லாம்*
*பச்சைச் சாயம் பூசினாரு பவழ மூக்கு ஒட்டினாரு*
*கத்தாதே கத்தாதேன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு*
*கா! கா! கா!*

அந்தக் 'கா!'வை மூன்று பேரும் சேர்ந்து கத்தியபோது கிட்டங்கியின் தகரக் கதவு அதிர்ந்தது. வாயில் கைக்குட்டையோடு இருந்த சபை குலுங்கியது. எவரும் சத்தம் விடவில்லை. தோள்கள் மட்டும் ஆடின. பொன்னுராஜுக்குக் காது மடல் சிவந்தது. அந்த வியாபாரியை எந்தக் கூட்டத்தில் விட்டாலும் அடையாளம் காட்டிவிடுவார். அசையக் கூடாது, மூச்சைக்கூடப் பார்த்து விட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். காகம் சந்தைக்குப் போயிற்று. கிளிப்பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டது. நடுவர் கேட்ட கேள்விக்கெல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டு தலையாட்டியது.

கடைசி அடியில் மழை வந்து சாயத்தைக் கரைக்க வேண்டும். அதற்காக, சடசடவென்று மழைபோலவே கொட்டும் ஓர் அடியைப் பாண்டீஸ்வரன் பல நாளாகப் பழகி வைத்திருந்தான். குச்சிகளை உயர்த்திவிட்டான். ஷீபா மூலையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். பிறகு, எழுதாத வரி ஒன்றைப் பாடினாள்:

*மழை வரல, மழை வரல, அவரே கழுவிவிட்டாரு!*

மழை வரல என்றதும் பாண்டீஸ்வரனின் கை அந்தரத்தில் நின்றது. லிங்கேஸ்வரனின் விரல் கம்பியிலிருந்து எழுந்தது. சத்தம் முழுதும் சட்டென்று அறுந்து, கிட்டங்கி ஒரு மூச்சளவு வெறுமையாக நின்றது. அந்த வெறுமையில் மூலையிலிருந்த மூட்டை சிரித்துவிட்டது. அடக்கி அடக்கி வைத்திருந்த சிரிப்பு, மூக்கு வழியாகப் புஸ்ஸென்று கிளம்பி, பிறகு வாய்விட்டு வந்தது. ஷீபா அதை விடவில்லை. அதன் வாலைப் பிடித்துக்கொண்டே "கா!" என்று எடுத்தாள். மேளமும் பேஸும் வந்து விழுந்தன. பாட்டு முடிந்தது.

எவரும் ஆமென் சொல்லவில்லை. அஜய்குமார் கண்ணை மூடி, கடைசி அதிர்வு ஓயும்வரை காத்திருந்து, கையைத் தூக்கினான். கதவைத் திறந்ததும் அத்தனை பேரும் காற்றுக்காக ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினார்கள்.

"கெடுத்துட்டேனாம்மா? இன்னொருக்க எடுக்கலாமா? இந்தத் தடவை வாயைக் கட்டிக்கிறேன்" என்றார் பொன்னுராஜ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. துடைத்தது வியர்வையா வேறா என்று கேட்கும் நிலையில் ஒருவரும் இல்லை.

"இன்னொருக்க எடுத்தா நீங்க இப்படிச் சிரிக்க மாட்டீகப்பா" என்றாள் ஷீபா. "இருக்கட்டும்."

எப்சிபா குடையை விரித்துக்கொண்டே, "பாட்டெல்லாம் சரிதான். அந்தக் காக்காவுக்கு மட்டும் கொஞ்சம் தேன்ல சுக்குக் குழைச்சுக் கொடுங்க, தொண்டை கட்டிரும்" என்று ஷீபாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

தென்மேற்குச் சாரல் பள்ளத்தாக்குக்குள் இறங்கிய வாரத்தில் ஆல்பம் வெளிவந்தது. எங்கெங்கோ இருக்கும் இளைஞர்கள், கடைசி மூன்று பாட்டுகளில் ஒலி ஏன் இத்தனை கதகதப்பாக இருக்கிறது, என்ன கருவி பயன்படுத்தினீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். பொன்னுராஜ் அதை மகளிடமிருந்து கேட்டறிந்து, எதிர்வரிசைக் கர்ணனிடம் போய், சபையார் மூட்டையாக உட்கார்ந்த கதையையும் சேர்த்து, வரிக்கு வரி சொன்னார். பிறகு கைப்பேசியில் பாட்டைப் போட்டு அவன் காதருகே நீட்டினார்.

கர்ணன் காய் பார்ப்பவனைப்போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முழுவதும் கேட்டான். தேநீர் ஆறிப்போயிற்று.

"சத்தமா இருக்கு அண்ணாச்சி."

"ஆமா, சத்தம்தான்" என்றார் பொன்னுராஜ்.

"நடுவுல யாரு இப்படிச் சிரிக்கிறது? நம்ம ஊரு ஆளு மாதிரி இருக்கு."

"நான்தான்."

கர்ணன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு இன்னும் இரண்டு தேநீர் சொல்லிவிட்டு, "அடுத்த ஆல்பத்துக்கு எங்க வீட்டு ஆளுகளையும் கூப்பிடச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒவ்வொருத்தரும் நல்ல கனம்" என்றான்.